பாலம் பொது, படம் என்னுடையது

கம்ப்யூட்டர் சாகச விளையாட்டை உருவாக்கிய மூவருக்கும் வணக்கம்.

நான் யார், எதற்கு எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும்: நான் வரைந்த மாத்தூர் தொட்டிப்பாலம் படம், என்னைக் கேட்காமலே உங்கள் விளையாட்டில் இருக்கிறது. மூன்று மின்னஞ்சல் போட்ட பிறகு போன வாரம் ஒரு வரி பதில் வந்தது: "மாத்தூர் தொட்டிப்பாலம் பொதுச் சொத்து, யார் வேண்டுமானாலும் வரையலாம்."

வாஸ்தவம்தான். கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகும் பாலம், பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்களோடு ஊருக்கே பொதுவாக நிற்கிறது. கட்டடத்தைப் பார்த்து வரைவதைப் பதிப்புரிமைச் சட்டமும் தடுக்கவில்லை. திருவட்டாறு வரை பஸ்ஸில் வந்துவிடுங்கள், நானே கூட்டிப்போகிறேன், அன்னாசியும் வாங்கித் தருகிறேன். உட்கார்ந்து வரையுங்கள். ஆனால் நீங்கள் பாலத்தைப் பார்க்கவில்லை, என் படத்தைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

எப்படிச் சொல்கிறேன் என்றால், அதில் ஒரு தப்பு இருக்கிறது. முதல் நாள் காலையில் நாலு தூண் முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் வேலை விட்டு சாயங்காலம் போய் மீதியை வரைந்தேன். அதனால் நாலு தூணின் நிழல் ஒரு பக்கம் விழுகிறது, மற்றவற்றின் நிழல் மறுபக்கம். உங்கள் விளையாட்டிலும் அப்படியே விழுகிறது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் உதயமும் அஸ்தமனமும் ஒரே கடற்கரையில் பார்க்கலாம், உண்மைதான். ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. அப்புறம், என் கையெழுத்து இருந்த மூலையில் ஒரு செடி முளைத்திருக்கிறது. நல்ல செழிப்பான செடி.

என் அக்கா மகன்தான் கம்ப்யூட்டரில் விளையாடும்போது இதைக் கண்டான். "மாமா, இதப் பாத்துதான் வரைஞ்சியளா?" என்று கேட்டான். சின்னப் பையன், சிரித்துவிட்டேன். பத்து நாள் கழித்து ஒரு பதிப்பகம் அதையே கேட்டபோது சிரிப்பு வரவில்லை. சிறுவர் புத்தகம் ஒன்றுக்கு நான் வரைவதாகப் பேசி முடித்திருந்தோம். மாதிரிக்கு அனுப்பிய ஐந்து படத்தில் பாலமும் ஒன்று. "இது ஒரு கேமில் வருகிறதே, உங்கள் சொந்தப் படம் இருந்தால் அனுப்புங்களேன்" என்று மரியாதையாகத்தான் எழுதினார்கள். பழைய பென்சில் தாளைத் தேடிப் போட்டோ எடுத்து அனுப்பினேன், மழை பட்ட கறையோடு. அதற்குப் பிறகும் "பார்த்துச் சொல்கிறோம்" என்கிறார்கள். என் வீட்டுக்குள் நானே திருடனாக நிற்கிறேன்.

கேட்பது இவ்வளவுதான்: என் பெயரைப் போட்டுக் கூலி பேசுங்கள், இல்லாவிட்டால் படத்தை எடுத்துவிடுங்கள்.

நான் ஒன்றும் உத்தமன் இல்லை. பிளக்ஸ் கடையில் வேலை. கூகுளில் கிடைத்த பூவையும் புறாவையும் கண்ணீர் அஞ்சலிக்கும் காதுகுத்துக்கும் ஒட்டி வயிறு வளர்க்கிறவன்தான். நெட்டில் கிடப்பதெல்லாம் புறம்போக்கு என்ற நினைப்பு நம் எல்லோருக்குமே ஊறிப்போய்விட்டது. சரி, ஆனால் அந்த பிளக்ஸில் 'ஓவியம்: நான்' என்று போட்டுக்கொண்டதில்லை. உங்கள் நன்றிப் பட்டியலில் உங்கள் பூனையின் பெயர்கூட இருக்கிறது. பூனைமேல் எனக்கு வருத்தமில்லை, அது என்ன வரைந்தது என்றுதான் தெரியவில்லை.

1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். உரிமையை விற்றுவிட்டால்கூட, வரைந்தவன் இன்னான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை போகாது. நான் விற்கவே இல்லை. உங்கள் விளையாட்டை விற்கும் ஸ்டீம் தளத்தில் கொடுக்க வேண்டிய புகார்ப் படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறேன், அனுப்பவில்லை. இரண்டு வருடம் ராத்திரி தூங்காமல் செய்தது என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். ராத்திரி தூங்காமல் வரைவது என்னவென்று எனக்கும் தெரியும்.

கோபத்தில் ஏதாவது கூடிப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயரைப் போடுங்கள், இல்லை படத்தை எடுங்கள். கூடவே, படம் என்னுடையதுதான் என்று அந்தப் பதிப்பகத்துக்கு இரண்டு வரி எழுதிக் கொடுங்கள், தயவுசெய்து. ஓணம் வரைதான் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
பாலத்தை வரைந்தவன்,
திருவட்டாறு