103 எங்கிருந்து வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் அண்ணன் மகள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். எங்கள் தக்காளித் தோட்டத்து மண் ஈரத்தைக் கணினியில் பார்க்க, ஏடிமெகா 328பி என்ற சின்னக் கட்டுப்பாட்டு சிப்பில் சீரியல் போர்ட் (தகவலை ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் வழி) அமைத்தாள். திரையில் குப்பை எழுத்துகள்தான் வந்தன. மூன்று இரவு பிள்ளை தூங்கவில்லை. வயரை மாற்றினாள், சிப்பையே மாற்றினாள்.

செய்முறைக் கையேட்டில் பாட் ரேட்டுக்கு, அதாவது நொடிக்கு எத்தனை பிட் அனுப்புவது என்ற வேகத்துக்கு, சிப்பில் எழுத வேண்டிய எண் 103 என்று மட்டும் போட்டிருந்தது. அது சிப்பின் கடிகார வேகம் 16 மெகாஹெர்ட்ஸாக இருந்தால் 9600 பாட் ரேட்டுக்கான எண். புது சிப் 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். அங்கே 103 வைத்தால் வேகம் ஏறக்குறைய 600. அனுப்பும் வேகத்தை இரட்டிப்பாக்கும் பிட்டைச் சிப்பில் போட்டு 12 என்று எழுதியதும் ஈர அளவு தெளிவாக வந்தது.

கடிகார வேகத்தைப் பதினாறாலும் (இரட்டை வேகத்தில் எட்டாலும்) பாட் ரேட்டாலும் வகுத்து ஒன்றைக் கழிக்க வேண்டும். இந்த ஒரு வரியைக் கையேட்டில் தமிழில் அச்சிடக் கூடாதா?

ஓய்வுபெற்ற ரேடியோ மெக்கானிக்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.