மேக்பெத்தின் சூனியக்காரிகள் வெறும் அலங்காரமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகம் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். உழைத்து எழுதியிருக்கிறார். ஆனால், சூனியத்துக்கு அஞ்சிய ஜேம்ஸ் மன்னரைக் குளிர்விக்க ஷேக்ஸ்பியர் சேர்த்த அலங்காரம்தான் அந்த மூன்று சூனியக்காரிகள் என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நெடுங்காலம் கல்லூரியில் இந்த நாடகங்களைப் பாடம் நடத்தியவள் என்ற உரிமையில் என் மறுப்பை எழுதுகிறேன். அந்தக் காலத்து ஆங்கில நாடகத்தில் சூனியம் என்ற பேச்சு வந்தால் பின்னாலேயே சிம்மாசனமும் வந்துவிடும். யார் சூனியக்காரி என்று தீர்மானிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதுதான் அங்கே உண்மையான கேள்வி.

ஜேம்ஸிலிருந்தே தொடங்குகிறேன். 1589இல் டென்மார்க் இளவரசி ஆன், ஸ்காட்லாந்து அரசனான அவரை மணக்கக் கப்பலேறினார். புயல் அந்தக் கப்பல்களை நார்வேக்குத் தள்ளியது. ஜேம்ஸே கடல் கடந்து போய் ஆஸ்லோவில் மணமுடித்து, அடுத்த ஆண்டு மே மாதம் ராணியோடு ஊர் திரும்பினார். புயலுக்குக் காரணம் சூனியம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. எடின்பரோவுக்குக் கிழக்கே நார்த் பெரிக் வட்டாரத்தில் பிடிபட்டவர்களில் ஒருவர் ஆக்னஸ் சாம்ப்சன். மருத்துவச்சி, பிரார்த்தனை சொல்லி நோய் தீர்ப்பவர். ஊரில் அவரை மதித்தார்கள். ஹோலிரூட் அரண்மனையில் அரசனே நேரில் உட்கார்ந்து அவரை விசாரித்தார். தலைமுடியை மழித்தார்கள், தலையில் கயிறு கட்டி முறுக்கினார்கள். அதன் பிறகு வந்ததுதான் வாக்குமூலம். சல்லடைகளில் ஏறிக் கடலில் போனோம், பூனைக்கு ஞானஸ்நானம் செய்து கடலில் எறிந்து புயலை எழுப்பினோம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. 1591 ஜனவரியில் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று எரித்தார்கள்.

அந்த வழக்கைப் பற்றி அதே ஆண்டு அச்சான சிறு நூலில் ஓர் இடம் என்னை எப்போதும் உறுத்தும். அரசன் மீது உனக்கு ஏன் இத்தனை பகை என்று சாத்தானைக் கேட்கிறார்களாம். உலகத்திலேயே எனக்குப் பெரிய எதிரி அவர்தான் என்று சாத்தான் பதில் சொல்கிறானாம். சித்திரவதையில் கறந்த வாக்குமூலம் அரசனுக்குப் பாராட்டுப் பத்திரமாகிவிடுகிறது. சாத்தானே அஞ்சும் அரசன் என்றால் அவன் கடவுளின் ஆள் என்றுதானே பொருள்? அதே வழக்கில் அரசனின் உறவினரும் அரசியல் எதிரியுமான பாத்வெல் பிரபுவின் பெயரும் இழுக்கப்பட்டது தற்செயல் என்று நான் நம்பவில்லை. பார்பரா நேப்பியர் என்ற பெண்ணை ஜூரிகள் முக்கியக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தபோது, அந்த ஜூரிகள் மீதே வழக்குத் தொடுக்க வைத்தார் ஜேம்ஸ். 1597இல் பேயியல் பற்றித் தாமே ஒரு நூல் எழுதினார். 1603இல் இங்கிலாந்து அரியணை ஏறியபோது அது லண்டனில் மறுபதிப்பாக வந்தது. 1604இல் பழைய சூனியச் சட்டம் கடுமையாக்கப்பட்டது.

இப்போது நாடகத்துக்கு வருகிறேன். சூனியக்காரிகள் சொன்ன குறியைக் கேட்டு, ஸ்காட்லாந்து அரசன் டங்கனைக் கொன்று அரியணை ஏறும் மேக்பெத்தின் கதை இது. முதல் அங்கத்தில் கஷ்கொட்டை தர மறுத்த மாலுமியின் மனைவியைப் பழிவாங்க, அவள் கணவன் போன அலெப்போ வரை சல்லடையில் போவேன் என்கிறாள் ஒரு சூனியக்காரி. கப்பலைக் கவிழ்க்க அவளால் முடியாது, அலைக்கழிக்க மட்டுமே முடியும். ஆன் இளவரசியின் பயணத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் குறிப்பு புரிந்திருக்கும். இதுவரை கட்டுரையாளர் சொல்வது சரிதான். நாடகம் அரசனின் கதையைத் தொட்டுக்கொண்டுதான் நடக்கிறது.

ஆனால் நான்காம் அங்கத்தைப் பாருங்கள். மேக்பெத் ஆள் வைத்துக் கொன்ற தளபதி பாங்கோவின் வழிவந்த எட்டு அரசர்கள் வரிசையாகத் தோன்றுகிறார்கள். எட்டாமவன் கையில் ஒரு கண்ணாடி, அதில் இன்னும் பல அரசர்கள். ஜேம்ஸின் ஸ்டூவர்ட் குலம் பாங்கோவிலிருந்து வந்ததாக அன்று நம்பினார்கள். ஷேக்ஸ்பியர் கதையை எடுத்த ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலில் டங்கன் கொலைக்கு உடந்தையாக இருக்கும் பாங்கோவை ஷேக்ஸ்பியர் குற்றமற்றவனாக்கியது அரசனுக்குச் செய்த மரியாதை என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் குலப்பெருமையைச் சொல்லும் அந்தக் காட்சியை நடத்திக் காட்டுவது யார்? சூனியக்காரிகள். அரச பரம்பரையின் எதிர்காலத்துக்கு இந்த நாடகத்தில் இருக்கும் சாட்சியம் அவர்களுடைய கொப்பரையிலிருந்துதான் கிளம்புகிறது. அதைக் கேட்டு வாங்க ஓர் அரசனே அவர்கள் குகைக்கு வந்து நிற்கிறான். முகத்துதி மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால், இதைவிடப் பாதுகாப்பான வழி ஷேக்ஸ்பியருக்குக் கிடைக்காமலா போயிருக்கும்? 1605 ஆகஸ்டில் ஜேம்ஸ் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனபோது, செயின்ட் ஜான்ஸ் கல்லூரி வாசலில் மூன்று சிறுவர்கள் குறிசொல்லும் பெண்களாக வேடமிட்டு, பாங்கோவின் வாரிசே வருக என்று வாழ்த்தினார்கள். அது முகத்துதி. அதற்குப் பிறகு வந்த இந்த நாடகம் அந்த மூவரின் கையில் கொலையையும் குழப்பத்தையும் சேர்த்துக் கொடுக்கிறது.

இன்னொன்று. சூனியக்காரி மேடைக்கு வந்தால் கடைசியில் பிடிபட வேண்டும். இங்கே அந்த மூவரையும் யாரும் பிடிப்பதில்லை, விசாரிப்பதில்லை, எரிப்பதில்லை. முடிசூடப் போகும் டங்கனின் மகன் மால்கம் தன் இறுதி உரையில் மேக்பெத்தையும் அவன் மனைவியையும் சபிக்கிறான். சூனியக்காரிகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர்கள் எங்கோ வெளியில்தான் இருக்கிறார்கள்.

கட்டுரையாளர் தொடாமல் விட்ட நான்காம் அங்கத்தின் மூன்றாம் காட்சியையும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்து அரசர் எட்வர்ட், கழுத்தில் கட்டிகள் வரும் கண்டமாலை நோயாளிகளைத் தொட்டு, பிரார்த்தனை சொல்லி, கழுத்தில் பொற்காசு அணிவித்துக் குணப்படுத்துகிறார் என்று மால்கம் வியக்கிறான். இந்தச் சடங்கை ஜேம்ஸும் இங்கிலாந்தில் செய்தார், முதலில் தயங்கினாலும். ஆக்னஸ் சாம்ப்சனும் பிரார்த்தனை சொல்லித்தான் நோய் தீர்த்தார். அரசன் செய்தால் தெய்வ அருள், கிராமத்து மருத்துவச்சி செய்தால் சூனியம்! இந்த ஒரு காட்சியை வைத்தே வகுப்பில் பல மணி நேரம் பேசலாம்.

ஜேம்ஸ் வருவதற்கு முன்பே ஷேக்ஸ்பியர் இதை எழுதியிருக்கிறார் என்பதுதான் என் அடுத்த வாதம். 'மூன்றாம் ரிச்சர்ட்' நாடகத்தில் லண்டன் கோபுரத்தில் ஆலோசனை சபை கூடுகிறது. அரியணைக்குக் குறிவைத்திருக்கும் ரிச்சர்ட் சிரித்த முகத்தோடு வருகிறான், ஈலி பிஷப்பிடம் அவர் தோட்டத்து ஸ்ட்ராபெரி கேட்கிறான், வெளியே போய்த் திரும்புகிறான். வந்ததும் குரல் மாறுகிறது. சூனியத்தால் என்னைக் கொல்லச் சதி செய்பவர்களுக்கு என்ன தண்டனை என்று கேட்கிறான். மரணம் என்கிறார் ஹேஸ்டிங்ஸ் பிரபு. உடனே ரிச்சர்ட் தன் சூம்பிய கையைக் காட்டி, இறந்துபோன தன் அண்ணன் எட்வர்ட் மன்னரின் மனைவியும் அவருடைய ஆசைநாயகி ஷோரும் செய்த வேலை இது என்கிறான். அவர்கள் அப்படிச் செய்திருந்தால் என்று ஹேஸ்டிங்ஸ் வாயெடுக்கிறார். அந்த வாக்கியத்தை முடிக்கவிடாமல் அவரைத் துரோகி என்று அழைத்து, அவர் தலையைப் பார்க்காமல் சாப்பிடமாட்டேன் என்று ரிச்சர்ட் எழுந்துவிடுகிறான். சூனியக் குற்றச்சாட்டை யாரும் சோதிக்கவே இல்லை. சந்தேகம் எழுப்பியவன் தலைதான் போகிறது.

'ஆறாம் ஹென்றி'யின் இரண்டாம் பாகத்தில் இதைவிடக் கூர்மையான இடம் உண்டு. குளோஸ்டர் கோமகள் எலனார், அரசனின் முடிவை அறிய ஆவியை வரவழைக்கிறார். அவரைச் சிக்கவைக்க ஹியூம் என்ற பாதிரியாருக்குப் பணம் கொடுத்தவர்கள் அவருடைய கணவரின் எதிரிகள். தீர்ப்பு நாளில் அரசன் சொல்கிறான்: சூனியக்காரி மார்ஜரி ஸ்மித்ஃபீல்டில் எரிந்து சாம்பலாகட்டும், அவளோடு சேர்ந்த மூன்று ஆண்களும் தூக்கில் தொங்கட்டும்; கோமகளே, நீங்கள் உயர்குடிப் பிறப்பு என்பதால் மூன்று நாள் பொதுப் பிராயச்சித்தம், பிறகு நாடு கடத்தல். வரலாற்றிலும் 1441இல் மார்ஜரி எரிக்கப்பட்டார். எலனார் சிறையில் காலம் கழித்தார்.

நியாயமாகப் பார்த்தால் ஜேம்ஸ் பிற்காலத்தில் இதில் எச்சரிக்கையாகிவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். 1616இல் லெஸ்டரில் ஒரு சிறுவன் வலிப்பு வந்ததாக நடித்ததை நம்பி ஒன்பது பெண்களைத் தூக்கிலிட்டார்கள். பிறகு அந்த ஊருக்கு வந்த ஜேம்ஸ் சிறுவனை விசாரித்துப் பொய்யைக் கண்டுபிடித்தார். சிறையில் மிஞ்சியிருந்தவர்கள் பிழைத்தார்கள். ஆனாலும் உண்மை எது, பொய் எது என்று அறிவிக்கும் இடத்தில் இருந்தவர் அப்போதும் அரசர்தான்.

அரசவை தன்னைப் பற்றி எப்படிப் பார்க்க விரும்பியது என்பதற்கு, 1609 பிப்ரவரி 2 அன்று வைட்ஹால் அரண்மனையில் நடந்த பென் ஜான்சனின் 'ராணிகளின் மாஸ்க்' போதும். மாஸ்க் என்பது அரசவையினரே பங்கேற்கும் ஆடல் பாடல் நாடகம். தொழில்முறை நடிகர்கள் சூனியக்காரிகளாக நரகத்தின் முன் ஆடுகிறார்கள். திடீரென உரத்த இசை, நரகம் மறைகிறது, புகழின் மாளிகையில் ஆன் ராணியும் சீமாட்டிகளும் வீற்றிருக்கிறார்கள். ராணிகள் தோன்றியதும் சூனியம் இருந்த சுவடே இல்லை. அரசனைக் குளிர்விக்கும் கலை என்று கட்டுரையாளர் சொல்வது இதற்குத்தான் பொருந்தும்.

எனக்கு மிகவும் நெருக்கமானது 1621இல் ரௌலி, டெக்கர், ஃபோர்ட் மூவரும் எழுதிய 'எட்மண்டன் சூனியக்காரி'. அந்த ஏப்ரலில் எட்மண்டன் ஊரின் எலிசபெத் சாயர் சூனியக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார். அந்த ஆண்டே அவர் கதை மேடையேறியது. சாயர் கிழவி சுள்ளி பொறுக்குகிறாள்; நிலத்துக்காரன் அடிக்கிறான். அவள் கூரை ஓலையைப் பிடுங்கி எரித்து, அவள் ஓடி வந்தால் சூனியக்காரி என்று முடிவுகட்டுகிறார்கள் ஊரார். ஏழை, கூனல் விழுந்தவள், படிப்பில்லாதவள் என்பதற்காக ஊர் நாக்குகளின் அழுக்கெல்லாம் என்மேல் கொட்ட வேண்டுமா என்று அவள் கேட்கிறாள். பிறகு நீதிபதியின் முகத்துக்கு நேராக, யார்தான் சூனியக்காரி இல்லை, அரசவைகளில் சாயம் பூசிய முகங்கள் என்ன என்கிறாள். இந்த நாடகம் அந்த ஆண்டு டிசம்பரில் அரசவையிலேயே நடிக்கப்பட்டது! அந்த வரியை எழுதியவர்களையும், அந்தச் சபையில் நின்று அதைப் பேசிய நடிகரையும் நினைத்தால் இன்றும் எனக்கு மரியாதை பெருகுகிறது.

நாடகாசிரியர்கள் எல்லோரும் இப்படி நடந்துகொண்டார்கள் என்று சொல்லமாட்டேன். 1634இல் சூனியக் குற்றம் சாட்டப்பட்ட லங்காஷர் பெண்கள் லண்டன் சிறையில் முடிவுக்காகக் காத்திருந்தபோதே அவர்களைச் சூனியக்காரிகளாகக் காட்டி குளோப் அரங்கில் ஒரு நாடகம் நடந்தது. குற்றம் சாட்டிய சிறுவன் தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டான். அந்த நாடகத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எனவே ஒரு வேண்டுகோள். நீங்கள் அடுத்து நாடகச் சிறப்பிதழ் கொண்டுவரும்போது, 'எட்மண்டன் சூனியக்காரி'யின் இரண்டாம் அங்கத் தொடக்கத்தில் சாயர் பேசுவதை முழுமையாகத் தமிழில் வெளியிடுங்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லையென்றால் நானே செய்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை,
பாளையங்கோட்டை