பாட்டியின் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறோம்

திரைப்படங்களுக்கு வயது வரம்பு குறிக்கும் அதிகாரிகளுக்கும், தமிழ்ப் படங்களை வாங்கி இங்கே திரையிடும் விநியோகஸ்தர்களுக்கும் வணக்கம்.

சென்ற சனிக்கிழமை மாலை கோலாலம்பூரில் ஒரு பேரங்காடித் திரையரங்கில் என் மகனோடு ஒரு தமிழ்ப் பேய்ப்படம் பார்த்தேன். அவனுக்கு ஒன்பது வயது. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். படத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, ஏனென்றால் அந்தப் படத்தோடு எனக்குச் சண்டை இல்லை. பயமுறுத்துவதற்காக எடுத்தார்கள், நன்றாகவே பயமுறுத்தினார்கள். அதன் மேல் குத்தியிருந்த பி12 என்ற முத்திரையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பி12 என்றால் 12 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்று அர்த்தம். சரி, வழிகாட்டத் தயாராகத்தான் போனேன். முன்னோட்டத்தைப் பார்த்தேன், முழுக்கச் சிரிப்பு. சுவரொட்டியிலும் நகைச்சுவை நடிகர்தான் பெரிதாக இருந்தார். டிக்கெட் வாங்கிய இடத்தில் பி12 என்ற சின்ன எழுத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. எதைப் பார்த்து நான் வழிகாட்டுவது?

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் காட்சி வந்தது. இறந்துபோன பாட்டியின் படம் மாலையோடு சுவரில் தொங்குகிறது. முன்னால் விளக்கு எரிகிறது. பேரன் கும்பிட வருகிறான். படத்தில் இருக்கும் கண்கள் மெதுவாக அவன் பக்கம் திரும்புகின்றன. அதற்கு அப்புறம் அந்தப் பாட்டி சட்டத்திலிருந்து இறங்கி வந்து செய்வதை நான் எழுத விரும்பவில்லை. என் மகன் கத்தவில்லை. என் கையைப் பிடித்திருந்த அவன் விரல்கள் சில்லென்று ஆகிவிட்டன. உடனே எழுந்து வெளியே வந்துவிட்டோம். பாதியில் எழுந்து வந்திருக்கலாமே என்று யாரும் கேட்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். வந்துவிட்டோம். ஆனால் பார்த்தது பார்த்ததுதான்.

செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் கூடத்திலும் அப்படி ஒரு படம் இருக்கிறது. என் மாமியாருடையது. போன தைப்பூசம் முடிந்த அடுத்த வாரம் தவறிவிட்டார். பிறந்ததிலிருந்து என் மகன் தூங்கியது அவர் பக்கத்தில்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் பத்துமலையின் 272 படிகளையும் அவன் கையைப் பிடித்துக்கொண்டே ஏறியவர். அவர் போன பிறகு, தினமும் காலையில் பள்ளிச்சீருடையோடு அந்தப் படத்தின் முன்னால் நின்று, "பாட்டி, போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் காலணி போடுவான். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவனாகப் பழகிக்கொண்டது. அவன் துக்கத்தை அவன் அப்படித்தான் ஆற்றிக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை காலை புத்தகப்பையை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு கூடத்தை ஓடிக் கடந்தான். இரவில் கழிப்பறைக்குப் போக என்னை எழுப்பினான், அதுவும் கண்ணை மூடிக்கொண்டே வந்தான். மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "அம்மா, பாட்டி படத்தைத் திருப்பி வைக்கலாமா? பாட்டி கோவிச்சுக்க மாட்டாங்கதானே?" என்று கேட்டான்.

திருப்பி வைத்தவர் என் கணவர். பெற்ற தாயின் முகத்தைத் தன் கையாலேயே சுவர்ப்பக்கம் திருப்பினார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

ஐயா, அம்மா, இந்தக் காட்சி பெரியவர்களுக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ரத்தம் குறைவு, வெட்டு குத்து இல்லை. அதனால்தான் பி12 போதும் என்று முடிவு செய்தீர்களோ என்னவோ. ஆனால் மாலை போட்ட படமும் விளக்கும் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கின்றன. பிள்ளை அதை அரங்கிலேயே விட்டுவிட்டு வர முடியாது, வீட்டுக் கதவைத் திறந்ததும் அது அங்கே காத்திருக்கிறது. காட்டில் இருக்கும் பேய்க்கும் கூடத்துச் சுவரில் இருக்கும் பேய்க்கும் ஒரு குழந்தைக்கு எவ்வளவு வித்தியாசம் என்று அந்த முத்திரை குத்தும்போது யாராவது யோசித்தார்களா?

பேய்க்கதையே பிள்ளைகளுக்கு ஆகாது என்று சொல்பவள் இல்லை நான். என் மாமியார் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டிய காலத்து மனுஷி. ரப்பர் மரத்து முனி, வாழைத்தோப்புப் பொந்தியானாக் என்ற மலாய்ப் பெண் பேய் என்று பேரனுக்கு எவ்வளவோ கதை சொல்லியிருக்கிறார். ஆனால் சொல்லும்போது அவர் கண் பிள்ளையின் முகத்தில்தான் இருக்கும். முகம் கொஞ்சம் மாறினால் போதும், முனி உடனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பசியாறப் போய்விடுவார். பிள்ளை சிரித்துவிடுவான். திரைக்கு அந்தக் கண் கிடையாது. அந்தக் கண்ணின் வேலையை நீங்கள் குத்தும் முத்திரைதான் செய்ய வேண்டும்.

முத்திரையோடு காரணத்தையும் எழுதுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். இது புதிய யோசனையும் இல்லை. 18 வயதுப் படங்களுக்கு நம் நாட்டிலேயே ஒரு காலத்தில் 18எஸ்ஜி, 18எஸ்எக்ஸ் என்று பிரித்துப் போட்டார்கள். எஸ்ஜி என்றால் மலாயில் 'செராம்', 'கானாஸ்', அதாவது திகிலும் வன்முறையும். எஸ்எக்ஸ் என்றால் பாலியல் காட்சிகள். எழுத்தைப் பார்த்ததும் என்ன வகைப் படம் என்று தெரிந்துவிடும். அப்புறம் எல்லாவற்றையும் சேர்த்து வெறும் 18 ஆக்கிவிட்டார்கள். 2023இல் வகைகளை மாற்றி யு, பி12, 13, 16, 18 என்று ஐந்தாகப் பிரித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். படி கூடினால் கவனமும் கூடும் என்று நம்பினேன். ஆனால் வந்தது எண் மட்டும்தான். ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூரில் வயது வகையின் பக்கத்திலேயே திகில், வன்முறை என்று ஒரு வரி போடுகிறார்கள். இந்தியாவிலும் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்க வேண்டிய யுஏ என்ற வகையை 2024 முதல் 7, 13, 16 என்று வயதுப்படி மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். நமக்கு மட்டும் ஏன் ஒரு வரி எழுத முடியவில்லை?

முத்தக் காட்சி வந்தால் வெட்டத் தெரிகிறது. கெட்ட வார்த்தை வந்தால் சத்தத்தை அடைக்கத் தெரிகிறது. பெரியவர்களாகிய நாங்கள் எதைக் கேட்கலாம், எதைப் பார்க்கலாம் என்பதில் அவ்வளவு அக்கறை. ஒன்பது வயதுப் பிள்ளை ராத்திரி தூங்குமா என்பதில் அந்த அக்கறை எங்கே போனது? முன்னோட்டத்தில் சிரிப்பை மட்டும் வெட்டி ஒட்டிக் குடும்பத்தோடு வாருங்கள் என்று கூப்பிட்டவர்களையும்தான் கேட்கிறேன். நாலு டிக்கெட் கூட விற்கும் என்பதற்காக எங்கள் பிள்ளைகளின் தூக்கத்தையா எடுத்துக்கொள்வது?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அழைத்துப் போனது நான்தான். அந்தப் பொறுப்பை யார் மேலும் தள்ளவில்லை. ஆனால் பொறுப்பாக நடக்க விரும்பும் தாய்க்குத் தெரிய வேண்டியதைத் தெரியப்படுத்துங்கள் என்று கேட்கிறேன். "திகில் காட்சிகள் உண்டு, இறந்த உறவினர் பேயாக வரும் காட்சி உண்டு" என்று ஒரே ஒரு வரி இருந்திருந்தால் நாங்கள் அன்று வேறு அரங்குக்குள் போயிருப்போம்.

அதிகாரிகளே, முத்திரையோடு காரணத்தையும் எழுதுங்கள். பிள்ளைகள் வீட்டில் தினமும் பார்க்கிற பொருளையும் உறவையும் பேயாக்கும் படம் என்றால், ரத்தம் இல்லையென்றாலும் பி12 போதுமா என்று இன்னொரு முறை பாருங்கள். விநியோகஸ்தர்களே, அந்தக் காரணத்தை மலாயோடு தமிழிலும் போடுங்கள். பேரப்பிள்ளைகளைத் தமிழ்ப் படத்துக்குக் கூட்டிப் போகும் தாத்தா பாட்டிகளில் பலருக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். டிக்கெட் வாங்கும் இடத்தில், பணம் கட்டுவதற்கு முன்னால், கண்ணில் படும் அளவில் இருக்கட்டும்.

அந்தப் படம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பள்ளி விடுமுறை அடுத்த வாரம் தொடங்குகிறது. முழு ஏற்பாட்டுக்கும் காலம் ஆகலாம், புரிகிறது. அதுவரை அரங்கின் வாசலில் ஒரு தாளில் எழுதி ஒட்டினாலும் போதும். தயவுசெய்து இந்த வாரத்துக்குள் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
செந்தூல், கோலாலம்பூர்.