அலைகரை மருதுகளைக் குஞ்சு பறக்கும்வரை விட்டுவையுங்கள்

எங்கள் குளத்தின் புனரமைப்புக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும் கமக்கார அமைப்பின் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். கடந்த பங்குனியில், குளத்தின் நீர்விளிம்பான அலைகரையில் நின்ற பெரிய மருது மரம் எப்படி வீழ்த்தப்பட்டது என்பதை நீங்கள் அறிவீர்கள். அதன் உச்சிக் கவட்டில் கொண்டைப் பாம்புக்கழுகின் கூடு இருந்ததையும், கூட்டில் குஞ்சு இருந்ததையும், பெக்கோ வருவதற்கு முன்பே உங்களிடம் சொல்லியிருந்தோம். ஆகவே நடந்ததை மீண்டும் விபரிக்காமல், மீதமுள்ள மருதுகளுக்காக இதை எழுதுகிறேன். கூடு உள்ள மரத்தை, அதிலுள்ள குஞ்சு பறந்து போகும்வரை, தயவுசெய்து வெட்டாதீர்கள்.

இந்தக் கழுகு அடர்காட்டிலும் வாழும். ஆனால் வன்னியில் நாம் அதை அதிகம் காண்பது மேய்ச்சல் புல்வெளியான தரவையும் வயலும் குளமும் சந்திக்கும் ஓரங்களில்தான். வெளியைப் பார்த்த உயர்ந்த கொப்பொன்றில் நெடுநேரம் அசையாமல் இருக்கும். புல்லுக்குள் ஏதாவது நெளிந்தால் சிறகை விரித்துச் சரிந்து இறங்கி, காலால் அமுக்கிப் பிடிக்கும். நஞ்சு அதற்கு ஏறாது என்று ஊரில் சொல்வது சரியல்ல. இறகில்லாத மஞ்சள் கால்களை மூடியிருக்கும் தடித்த செதில்களும் பிடியின் வேகமுமே அதைக் காக்கின்றன. பாம்போடு ஓணான், தவளை, எலி, நண்டு ஆகியவற்றையும் தின்னும். வெயில் ஏறியபின் வட்டமிட்டு மேலெழுந்து சீழ்க்கையடிப்பதை வயலில் நிற்கும் எல்லோரும் கேட்டிருப்பார்கள். இருந்து பார்க்க மரம் இல்லையென்றால், எத்தனை ஏக்கர் தரவை இருந்தாலும் இந்த வேட்டைக்கு அது உதவாது.

பாம்பைத் தின்னும் பறவை எலியைப் பெருக்காதா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் எலியும் அதன் இரை என்பதையும், வரம்பில் கால் வைக்கும் ஒவ்வொருவருக்கும் புடையன் பாம்பின் பயம் இருப்பதையும் அவர் மறந்துவிட்டார்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. இந்தக் கழுகு வழமையாக ஒரேயொரு முட்டைதான் இடும். ஏறத்தாழ 40 நாள் அடைகாத்து, பிறகு இரண்டு மாதமளவில் குஞ்சைக் கூட்டில் வைத்து வளர்க்கும். மூன்று மாதத்துக்கு மேல் அந்தச் சோடி ஒரே மரத்தை நம்பி இருக்கிறது. பெரும்போக அறுவடை முடிந்து உங்கள் இயந்திரங்கள் இறங்குவதும் அதே மாதங்களில்தான். மருது விழுந்த மறுநாள், பாம்பின் வால் அலகில் தொங்க ஒரு கழுகு வந்து, கொப்பு இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. இரையை இறக்கி வைக்க அதற்கு இடமில்லை. அங்கு நின்ற வேலையாட்களே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். உத்தரவு கொடுத்தவர்கள் மட்டும் அங்கே இல்லை.

குளக்கட்டில் மரம் வளரக்கூடாது என்பதை நாங்கள் மறுக்கவில்லை. வேர் உக்கிய வழியே நீர் கசிந்து கட்டு உடைந்தால் அழிவது எங்கள் வயல்தான். ஆனால் அந்த மருது கட்டில் நிற்கவில்லை. நீர் திறந்துவிடும் துருசுக்கும் மேலதிக நீர் வழிந்தோடும் வானுக்கும் எட்டத்தில், அலைகரையில் நின்றது. அதை வெட்டியதால் கட்டுக்கு என்ன பலம் சேர்ந்தது என்பதை யாராவது எழுத்தில் தந்தால் நன்றியுடன் வாசிப்போம். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கினத் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இந்தப் பறவைக்கும் பொருந்தும் என்பதை உங்களுக்கு நாங்கள் நினைவூட்ட வேண்டியிருப்பது வருத்தத்துக்குரியது.

ஆண்டுதோறும் மரநடுகைக்குப் பனர் கட்டிப் படம் எடுக்கிறோம். நட்ட கன்றுகளை ஆடுகள் கவனித்துக்கொள்கின்றன. நூறு வயது மரத்தை வெட்டுவதற்கோ பனரும் தேவைப்படவில்லை, கூட்டமும் தேவைப்படவில்லை. மாடு மேய்ந்த தரவைகளும் இப்படித்தான் ஒவ்வொரு வேலியாகச் சுருங்கிப்போயின. அந்தக் கதையைத் தொடங்கினால் இந்த மடல் முடியாது. கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளவும்.

கேட்பது பெரிய காரியமல்ல. வேலை தொடங்கு முன், ஊரவர் ஒருவரையும் வனசீவராசிகள் உத்தியோகத்தர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு அலைகரையைச் சுற்றி நடந்து, கூடு உள்ள மரங்களுக்கு அடையாளமிடுங்கள். குஞ்சு பறக்கும்வரை அவற்றில் கை வைக்காதீர்கள். கட்டில் நிற்காத மரத்தை அதன் பிறகும் வெட்டத்தான் வேண்டுமென்றால், காரணத்தை அமைப்பின் கூட்டத்தில் முன்கூட்டியே சொல்லுங்கள். அடுத்த சிறுபோகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இக்குளத்தின் கீழ் வயல் செய்யும் ஒரு கமக்காரன்