மாமாவுக்கு, கறி மெஷின் விஷயமாக

நார்த்டேல்,
பீட்டர்மாரிட்ஸ்பர்க்,
தென்னாப்பிரிக்கா.
ஆனி 22

அன்புள்ள மாமாவுக்கு,

நான் இங்கே நலம். நீங்கள், அத்தை, பிள்ளைகள் எல்லாரும் நலம்தானே? போன ஞாயிற்றுக்கிழமை "கறி அரைக்கிற மெஷின் எதுடா நல்லது" என்று நீங்கள் கேட்டதும் லைன் போய்விட்டது. அப்புறம் கூப்பிட்டால் உங்களுக்குக் கடை நேரம், எனக்கு ஷிப்ட். போனில் சொன்னால் பாதி காதில் விழாது, மீதி மறந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் கடைக்கு மெஷின் வேண்டாம். புளியமரக் கட்டையில் நீங்கள் கொத்தித் தருகிற கொத்துக்கறிக்கு எந்த மெஷினும் ஈடாகாது. நான் சொல்லப்போவது அத்தைக்கு. கோலா உருண்டை ஆர்டர் வாரம் நாலு கிலோ, ஐந்து கிலோ என்று வருகிறது, அம்மியில் அரைத்து அரைத்துத் தோள்பட்டை போய்விட்டது என்றீர்களே, அதற்கு மெஷின் நியாயம்தான்.

மில் மெக்கானிக்குக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எல்லாம் வீட்டுக்கார ஆன்ட்டியால் வந்தது. அவருடைய கொள்ளுத் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவராம். 1860 நவம்பரில் ட்ரூரோ என்ற கப்பல் மதராஸிலிருந்து டர்பனுக்கு முதல் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது. இவர் அதற்குப் பல வருஷம் கழித்து வேறொரு கப்பலில் வந்தவர். ஆன்ட்டிக்குத் தமிழ் "வா தம்பி, உட்காரு, சாப்பிட்டியா" அளவோடு சரி. ஆனால் புரட்டாசி பிறந்தால் அந்த வீட்டுக்குள் முட்டைகூட நுழையாது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. செப்டம்பர் 24 இந்த நாட்டில் பாரம்பரிய தினம், அரசாங்க விடுமுறை. அன்றைக்கு ஊரே வாசலில் கரி மூட்டி இறைச்சி வாட்டும். பிராய் என்று பேர். அது சரியாகப் புரட்டாசிக்குள் வந்து விழுகிறது. தெரு முழுக்கப் புகை மணக்க, நாங்கள் வீட்டுக்குள் பருப்பும் பீன்ஸ் கறியும் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அந்தப் பிராயில் முதல் மரியாதை பூரவோர்ஸ் என்ற சாசேஜுக்குத்தான், அரைத்த கறியைக் குடலுக்குள் நிரப்பிச் செய்வது. ஆஃப்ரிகான்ஸ் மொழியில் பூர என்றால் விவசாயி, வோர்ஸ் என்றால் சாசேஜ். அந்தப் பேரில் விற்க வேண்டுமானால் நூற்றுக்கு 90 பங்கு இறைச்சி இருக்க வேண்டும், கொழுப்பு 30 பங்கைத் தாண்டக் கூடாது என்று சட்டமே உண்டு. மசாலாவைக் கேட்டால் சிரிப்பீர்கள்: வறுத்துப் பொடித்த மல்லி, மிளகு, கிராம்பு, ஜாதிக்காய். கூடக் கொஞ்சம் வினிகர், அவ்வளவுதான். வெள்ளைக்காரன் சாப்பாடு என்று பயந்துகொண்டே வாயில் வைத்தேன், அம்மா மல்லி வறுக்கிற வாசம் வந்தது.

ஆனால் கடையில் விற்பது பெரும்பாலும் மாட்டுக்கறி, அதோடு பன்றிக் கொழுப்பு. ஆன்ட்டி வீட்டில் இரண்டும் ஆகாது. இன்னொரு காரணமும் உண்டு. 2017, 2018இல் இங்கே லிஸ்டீரியா என்ற கிருமி பரவி 1,000 பேருக்கு மேல் படுத்தார்கள், 200 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். போலனி என்று துண்டு போட்டு விற்கிற இறைச்சியிலிருந்து வந்தது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து ஆன்ட்டி பாக்கெட் இறைச்சி எதையும் தொடுவதில்லை. "தம்பி, நீ மெக்கானிக்தானே, ஒரு மெஷின் பார்த்து வாங்கு" என்று பணத்தைக் கையில் கொடுத்துவிட்டார்.

நானும் மெக்கானிக் என்ற திமிரில் போய் ஏமாந்தேன். பெட்டியில் கொட்டை எழுத்தில் 2000 வாட் என்று போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து மெஷினின் அடியில் ஒட்டியிருந்த சின்ன லேபிளைப் பார்த்தால் 350. அந்த 2000 என்பது மோட்டார் அடைத்துக்கொண்டு சுற்ற முடியாமல் நிற்கிற நொடியில் இழுக்கிற கரன்ட். ஓடும்போது கிடைக்கிற பலம் 350தான். இரண்டாவது மாதம் தொடைக்கறியை நார் எடுக்காமல் போட்டுவிட்டோம். உள்ளே கறியை முன்னால் தள்ளுகிற திருகில் நார் சுற்றிக்கொண்டது, உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம், மோட்டார் மட்டும் சும்மா சுற்றுகிறது. பிரித்தால் நைலான் பல்சக்கரம், நாலு பல் போயிருந்தது. நைலான் வைத்ததை நான் குற்றம் சொல்ல மாட்டேன், மோட்டார் எரியாமல் காப்பாற்ற அது முதலில் உடையட்டும் என்றே சிலர் வைக்கிறார்கள். ஆனால் மாற்றுச் சக்கரம் கடையில் இல்லை. நீங்கள் சரியாக உபயோகிக்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாமா, நீங்கள் கரன்ட் மெஷின் வாங்குவதானால் இரண்டே கேள்வி கேளுங்கள்: பல்சக்கரம் தனியாகக் கிடைக்குமா, பின்பக்கம் சுற்ற ரிவர்ஸ் சுவிட்ச் இருக்கிறதா? நார் சிக்கினால் ரிவர்ஸ்தான் காப்பாற்றும்.

அதற்கப்புறம் நான் எடுத்தது கையால் சுற்றுகிறது. பழைய சாமான் கடையில் கிடைத்தது, வார்ப்பிரும்பு, மேலே ஈயப் பூச்சு. அப்போது 2023, இங்கே கரன்ட்டை முறைவைத்து இரண்டிரண்டு மணி நேரம் நிறுத்துவார்கள், ஒரே நாளில் பல தடவைகூட. இப்போது பரவாயில்லை. அரைகுறையாக அரைத்த கறியை மெஷினுக்குள் வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கொடுமை என்று உங்களுக்கே தெரியும். கை மெஷினில் அந்தக் கவலை இல்லை.

மெஷினுக்கு நம்பர் உண்டு: 5, 8, 12, 22, 32. அது முன்னால் இருக்கிற சல்லடைத் தகட்டின் அளவு. 8 என்றால் தகடு குறுக்காகச் சுமார் 62 மில்லிமீட்டர், 12 என்றால் 70, 22 என்றால் 82. வீட்டுக்கு 12 போதும். 22 வேகமாகத் தள்ளும், ஆனால் கையால் சுற்ற அத்தைக்குப் பாரம். 32 ஹோட்டல்காரர்களுக்கு. வாய் அகலம் என்று பெரிசாக வாங்க வேண்டாம், விரல் உள்ளே போகிற அளவு வாய் இருப்பதே ஆபத்து. எதுவானாலும் மரக்கட்டையால்தான் தள்ள வேண்டும்.

தகட்டில் ஓட்டை அளவும் பாருங்கள். பூரவோர்ஸுக்கு 8 அல்லது 10 மில்லிமீட்டர், கறி பொடிப்பொடியாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கோலாவுக்கு முதலில் 8இல் ஒரு தடவை, பிறகு 3இல் ஒரு தடவை. நேராக 3இல் போட்டால் அடைத்துக்கொள்ளும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எல்லாரும் மோட்டாரைப் பார்க்கிறார்கள், கத்தியை யாரும் பார்ப்பதில்லை. உள்ளே நாலு இறக்கை வைத்த சின்னக் கத்தி இருக்கிறது. அதன் ஒரு முகம் மட்டமாக இருக்கும், மறுமுகம் சரிவாக இருக்கும். மட்டமான முகம் தகட்டை ஒட்டி உட்கார வேண்டும். ஆன்ட்டியின் பேரன் ஒருநாள் திருப்பி மாட்டிவிட்டான். கறி வெட்டுப்படாமல் நசுங்கி, வெளிறிய பசையாக ஓட்டை வழியே வழிந்தது. பெரிய மோட்டாராக இருந்திருந்தால் இன்னும் வேகமாகப் பசை வந்திருக்கும், அவ்வளவுதான். நான் மெஷின் வாங்கிய அன்றே ஒரு கண்ணாடித் துண்டின் மேல் நைஸ் எமரி ஷீட்டை விரித்து, நாலு சொட்டு எண்ணெய் விட்டு, கத்தியின் மட்டமான முகத்தையும் தகட்டையும் வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். முதலில் நடுவில் மட்டும் பளபளத்தது, ஓரம் கறுப்பாகவே நின்றது. ஓரமும் பளபளக்கிற வரை விடவில்லை. இரண்டும் ஒன்றோடொன்று உட்கார்ந்த பிறகு அந்தக் கத்தியை அந்தத் தகட்டோடுதான் போடுகிறேன், மாற்றிப் போட்டால் மறுபடி தேய்க்க வேண்டியதுதான். முன்னால் இருக்கும் மரை வளையத்தையும் இறுக்கமாக வையுங்கள், தளர்ந்தாலும் பசைதான்.

அடுத்தது குளிர். கறியைத் துண்டு போட்டு முக்கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, மேலே விறைத்து உள்ளே இளகியிருக்கும்போது அரைக்க வேண்டும். திருகு, கத்தி, தகடு மூன்றையும்கூட ஃப்ரீசரில் வைத்து எடுப்பேன். சூட்டில் கொழுப்பு உருகிப் பூசிக்கொண்டால், சுடும்போது எல்லாம் வெளியே ஒழுகி, மிச்சம் மரத்தூள் மாதிரி ஆகிவிடும். இங்கே ஜூன், ஜூலை குளிர்காலம், அதிகாலையில் ஸ்வெட்டர் இல்லாமல் சமையலறைக்குள் நிற்க முடியாது, அதனால் எனக்குச் சுலபம். நம் ஊர் வெயிலில் அத்தை விடியற்காலை ஐந்து மணிக்கு அரைத்து முடித்துவிடுவது உத்தமம். கொத்தின கறியை வெளியே வைக்கவே கூடாது. முழுக்கறியில் கிருமி மேலோடு நிற்கும், அரைத்த கறியில் உள்ளேயெல்லாம் கலந்துவிடும். ஆன்ட்டி ஒரு கம்பித் தெர்மாமீட்டர் வைத்திருக்கிறார், நடுவில் குத்தி 71 டிகிரி காட்டாமல் யாருக்கும் தட்டில் விழாது.

சாசேஜ் நிரப்புவது தனிக் கதை. அரைக்கிற மெஷினிலேயே ஒரு குழல் மாட்டி நிரப்பலாம் என்பார்கள். கத்தியையும் தகட்டையும் கழற்றிவிட்டாலும் திருகு கறியைப் பிசைந்துகொண்டேதான் இருக்கும். வேலையும் நத்தை வேகம். நிமிர்ந்து நிற்கிற தனி மெஷின் ஒன்று உண்டு, மூன்று லிட்டர் பாத்திரம், மேலிருந்து பிஸ்டன் இறங்கும், கீழே குழல். கடைக்காரர் அதை ரொம்ப நேரம் விளக்கினார். எனக்கு முதல் வாக்கியத்திலேயே விளங்கிவிட்டது, நம் முறுக்கு உரல்! அம்மா கொடுத்தனுப்பிய பித்தளை உரலிலேயே முயற்சி செய்து பார்த்தேன், சொன்னால் திட்டுவாள், அவளிடம் இந்த வரியை வாசிக்காதீர்கள். அரைக் கிலோவில் உள்ளங்கை சிவந்துவிட்டது. இந்த மெஷினில் பிஸ்டனில் காற்றுப் போக வால்வு இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று குடலுக்குள் குமிழாகப் போய் நெருப்பில் வெடிக்கும்.

குடல் என்றதும் உங்களுக்கு வேறு ஞாபகம் வரும். இங்கே ஆட்டுக் குடலை உள்ளே வெளியே சுரண்டி, கண்ணாடித்தாள் மாதிரி ஆக்கி, உப்பில் போட்டு விற்கிறார்கள். அரை மணி ஊறவைத்து, ஒரு முனையைக் குழாயில் பிடித்துத் திறந்தால் தண்ணீர் பாம்பு மாதிரி நெளிந்து ஓடும். ஓட்டை இருந்தால் அப்போதே பீச்சி அடிக்கும். மூன்று கிலோ தோள்கறியும் நெஞ்சுக்கறியுமாக, 50 கிராம் உப்பு, ஒரு பிடி மல்லி. உள்ளங்கையைக் கவிழ்த்தால் கறி விழாத வரை பிசைந்து நிரப்புகிறோம். பூரவோர்ஸை முறுக்கித் துண்டாக்குவதில்லை, கைமுறுக்குப் போலச் சுருட்டித் தட்டில் வைப்பார்கள். ரொம்ப இறுக்கி நிரப்பினால் சுருட்டும்போதே கிழியும். ஆட்டுக் கொழுப்பு ஆறினால் வாயில் மெழுகு மாதிரி ஒட்டும், அதனால் சுடச்சுடத் தின்ன வேண்டும். மிச்சம் இருந்தால் மறுநாள் ஆன்ட்டி அதை சட்னியில் போடுவார். இங்கே சட்னி என்றால் துவையல் இல்லை, தக்காளி வெங்காயம் போட்ட குழம்பு. சாசேஜ் சட்னியும் ரொட்டியும் இருந்தால் நான் வேறெதுவும் கேட்க மாட்டேன்.

ஆக அத்தைக்கு நான் சொல்வது: 12 நம்பர் கை மெஷின், 3, 8 தகடுகள் இரண்டு, உபரியாக ஒரு கத்தி. நிரப்புகிற மெஷின் கோலாவுக்குத் தேவையே இல்லை. கழுவும்போது பித்தளைக்குத் தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்க்க விடாதீர்கள், ஈயம் போய்த் துரு ஏறிவிடும். கடைசியில் ஒரு துண்டு காய்ந்த ரொட்டியைத் தள்ளினால் உள்ளே நிற்கும் கறியெல்லாம் வந்துவிடும். பிறகு சோப்புத் தண்ணீர், துணியால் ஈரம் போகத் துடைத்து, வெயிலில் வைத்து, கத்திக்குக் கொஞ்சம் கடலை எண்ணெய். வேண்டுமானால் கரன்ட் மெஷினை இங்கிருந்தே எடுத்து வரலாம், 230 வோல்ட்டும் நம் ஊர் மாதிரிதான், பெரிய மூன்று முள் பிளக்கூட நம் 15 ஆம்பியர் பிளக்கேதான். ஆனால் கெட்டுப்போனால் ஸ்பேருக்கு எங்கே போவீர்கள்? அங்கேயே வாங்குங்கள்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை. கை மெஷினை மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். சமையல்கட்டு மேடை கருங்கல், அதில் கிளாம்ப் வழுக்கும். பின்கட்டில் தாத்தா செய்த தேக்கு மேசை இன்னும் இருக்கிறதா? அதன் பலகை எத்தனை கனம் என்று அளந்து எனக்குச் சொல்லுங்கள். கிளாம்ப் வாய் அதற்குள் பிடிக்குமா என்று பார்த்துச் சொல்கிறேன், அதற்குள் கடையில் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகன்