அரையாண்டு நிறைவும் இசை விழாவும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. பள்ளி திறந்ததும் விடைத்தாள்கள் கைக்கு வரும். விளையாட்டுப் போட்டிகளில் நம் பிள்ளைகள் பரிசுகள் வாங்கி வந்தார்கள். அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தது. எல்லோருக்கும் வாழ்த்துகள்.

அப்புறம், இசை விழா. பாட்டு, வயலின், மிருதங்கம் எல்லாம் குறையின்றி நடந்தன. கடைசி நாள் பியானோ நிகழ்ச்சியைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

எளிய உருப்படிகளில் தொடங்கி கடினமானதில் முடிப்பது வழக்கம். சிறுவர்கள் முதலில் ஜி மேஜர் மினுவே என்ற சிறிய நடன இசையை வாசித்தார்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதியது என்று நெடுங்காலம் நம்பப்பட்டு, பிறகு அவர் காலத்து பெட்சோல்ட் எழுதியது என்று தெரியவந்ததே, அதுதான். அப்போது அரங்கில் நிற்கக்கூட இடமில்லை. வாசித்து முடித்த பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பத் தொடங்கியது. கடைசியாக ஒரு பதினொன்றாம் வகுப்பு மாணவி மொசார்ட்டின் சி மேஜர் சொனாட்டாவுக்கு (மூன்று பகுதிகள் கொண்ட பியானோ உருப்படி; மொசார்ட் படைப்புப் பட்டியலில் கே. 545) உட்கார்ந்தபோது, எதிரே ஆசிரியர்களும் சில தாத்தா பாட்டிகளும்தான் இருந்தார்கள்.

1788இல் எழுதிய இந்தச் சொனாட்டாவை, புதிதாகக் கற்பவர்களுக்கானது என்று மொசார்ட்டே தன் படைப்புகளைக் குறித்துவந்த பட்டியலில் எழுதி வைத்திருக்கிறார். வாசித்துப் பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். ஒரு சுரம் பிசகினாலும் ஒளிந்துகொள்ள இடமில்லாத இசை அது. நிதானமான நடையில் போகும் நடுப்பகுதியான ஆண்டான்டேயில் இடது கை சீராக, மெல்ல ஓடிக்கொண்டே இருக்க, வலது கை பாட வேண்டும். வயலினில் வில்லை இழுத்து ஒலியை நீட்டலாம். பியானோவில் சுத்தியல் தந்தியைத் தட்டிய கணத்திலிருந்தே ஒலி தேயத் தொடங்கிவிடும். மைக்கும் வைக்கவில்லை. சரியாக அந்த இடத்தில் பின்கதவு கிறீச்சிட்டது. "வண்டிய கேட்டுக்கிட்ட எடுத்துட்டு வா" என்று ஒருவர் போனில் சொன்னது மேடை வரை கேட்டது. அந்தப் பெண்ணின் வலது கை ஒரு கணம் தடுமாறியது. சமாளித்துக்கொண்டு முடித்துவிட்டாள்.

சொனாட்டாவின் பகுதிகளுக்கு நடுவே சிலர் கைதட்டியதை நான் குறை சொல்லவில்லை. 1778இல் பாரிஸில் தன் சிம்பனி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜனங்கள் கைதட்டியதை மொசார்ட் அப்பாவுக்கு மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். அதே போல, மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போவது நம் ஊர் சபாக்களில் ஊறிப்போன பழக்கம் என்பதும் எனக்குத் தெரியும். வேலை, போக்குவரத்து, வீட்டில் கைக்குழந்தை என்று உங்களுக்கு உள்ள சிரமங்களும் புரிகின்றன.

ஆனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிள்ளை வாசித்தபோது மற்றவர்கள் அமைதியாக உட்கார்ந்து கேட்டார்கள். அவர்கள் பிள்ளைக்கு அதை நீங்கள் திருப்பித் தராமல் போவது நியாயமில்லை. பள்ளி இதை இனி அனுமதிக்காது.

ஆகவே அடுத்த இசை நிகழ்ச்சியிலிருந்து ஓர் உருப்படி நடக்கும்போது கதவுகள் மூடியிருக்கும்; உள்ளே வருவதும் வெளியே போவதும் இடைவெளிகளில் மட்டும். வாசித்த பிள்ளைகள் எல்லோரும் மேடையோரத்தில் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள், நிகழ்ச்சி முடிந்த பிறகே உங்களிடம் அனுப்புவோம். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், கட்டாயம் பார்த்துச் செய்கிறோம். போனை அணைத்துவிடுங்கள். பள்ளியே வீடியோ எடுத்து அவரவர் பிள்ளையின் பகுதியை அனுப்பும். கையை உயர்த்திப் பிடித்து நீங்களும் பின்வரிசைக்காரரும் சேர்ந்து கஷ்டப்பட வேண்டாம். நிகழ்ச்சியை ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிப்பது எங்கள் பொறுப்பு.

கடைசி வரை இருந்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி. பேரனோ பேத்தியோ முதலிலேயே வாசித்து முடித்தும் எழுந்து போகாத அந்தத் தாத்தா பாட்டிகளுக்குத் தனியாக ஒரு நன்றி. சிற்றுண்டி ஏற்பாட்டைக் கவனித்துக்கொண்ட பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கும், மறுநாள் அரங்கைச் சுத்தம் செய்து தந்த பணியாளர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

விடுமுறையை நன்றாகக் கழியுங்கள். பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: அரங்கில் ஒரு நீலக் குடையும் இரண்டு டிபன் பாக்ஸும் கிடந்தன. அலுவலகத்தில் வந்து பெற்றுக்கொள்ளலாம்.