களப்பணியைக் கேட்டுவிட்டுச் சேருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவு வந்ததும் வெளியாகும் படிப்பு வழிகாட்டிப் பட்டியல்களில் பி.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி இளநிலைப் பட்டம்) என்றாலே ‘சேவை மனப்பான்மை உள்ளவர்களுக்கு ஏற்றது’ என்ற ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். அந்த மனப்பான்மை இருந்தால் நல்லதுதான். ஆனால் மூன்று ஆண்டுகளில் மாணவர் எதைக் கற்கிறார், எங்கே ஏமாறுகிறார் என்பதைப் பெற்றோருக்கு யாரும் சொல்வதில்லை. களப்பணியை மேற்பார்வையிடும் ஆசிரியர்கள் என்ற முறையில் அதை எழுதுகிறோம்.

சமூகப்பணி முதுநிலைப் படிப்பான எம்.எஸ்.டபிள்யூ. சேர பி.எஸ்.டபிள்யூ. கட்டாயம் இல்லை, பி.காம். முடித்தவரும் சேரலாம். மனநல சமூகப்பணியாளர் ஆக வேண்டும் என்றால் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எம்.எஸ்.டபிள்யூ.வும் அதற்கு மேல் எம்.ஃபில்.லும் கேட்கிறது. ஆக, இளநிலையிலேயே இதைப் படிக்கும் மாணவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது களத்தில் புழங்கிய அனுபவம் ஒன்றுதான். அதுவும் வருகைப் பதிவேட்டுக் கையெழுத்தாகச் சுருங்கிப்போனால் இந்தப் பட்டத்துக்கென்று தனி மதிப்பு ஏதும் மிஞ்சாது.

மாணவரைக் களப்பணிக்கு அனுப்பும் நிறுவனத்தை ஏஜென்சி என்போம். களப்பணி அறிக்கைகளைப் புரட்டினாலே நிலைமை தெரியும். ‘ஏஜென்சிக்குச் சென்றேன். கைம்பெண் ஒருவருக்கு உதவித்தொகை மனு எழுதிக் கொடுத்தேன். அவர் மகிழ்ச்சி அடைந்தார்.’ இதற்குக் கீழே ஒரு டிக், தேதி, கையெழுத்து. அந்த மனு என்ன ஆனது? கணவரின் இறப்புச் சான்று இருந்ததா? இறப்பு நடந்து ஓராண்டுக்கு மேல் பதியாமல் விட்டிருந்தால் கோட்டாட்சியரின் ஆணை வாங்காமல் சான்று கிடைக்காது. ஆதாரில் ஒரு பெயரும் ரேஷன் கார்டில் வேறு எழுத்துகளில் அதே பெயரும் இருந்தால் மனு அங்கேயே நின்றுவிடும். இ-சேவை மையத்தில் பதிந்து, ஒப்புகைச் சீட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு, வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் என்று மனு யார் மேசையில் இருக்கிறது எனத் தொடர்ந்து கேட்டு, அதையும் அந்த அம்மாவே கேட்கும்படி பழக்கிவிடுவதுதான் கேஸ் ஒர்க், அதாவது தனிநபரோடு செய்யும் சமூகப்பணி. வகுப்பில் படிக்கும் ‘ஆய்வு, கணிப்பு, தலையீடு, மதிப்பீடு’ எல்லாம் இந்த ஒரு மனுவுக்குள் இருக்கின்றன. மேற்பார்வையாளர் வாரம் ஒருமுறை தனியாக உட்கார்ந்து இப்படிக் கேள்வி கேட்டால்தான் அடுத்த வார அறிக்கை மாறும். அறிக்கையை அன்றிரவே எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக எழுதினால் அந்த அம்மா சொன்ன வார்த்தைகள் போய்விடும், மாணவரின் ஊகம் மட்டும் தங்கும். அவர் தமிழில் பேசியதைத் தமிழிலேயே பதிய அனுமதிக்காத கல்லூரித் துறைகளும் இருக்கின்றன. அங்கே இந்த இழப்பு இரட்டிப்பாகிறது.

குரூப் ஒர்க் எனும் குழுப்பணியிலும் இதே கதைதான். பள்ளியில் நாற்பது பேரை உட்கார வைத்து கைகழுவுதல் பற்றிப் பேசிவிட்டு வருவது விழிப்புணர்வு நிகழ்ச்சி. எட்டு முதல் பன்னிரண்டு பேர், அதே ஆட்கள், குறைந்தது ஏழெட்டு அமர்வுகள். யார் பேசினார், யார் ஒதுங்கினார், மூன்றாவது அமர்வில் ஏன் சண்டை வந்தது என்ற பதிவு. இவை இருந்தால்தான் அதைக் குழுப்பணி என்று மதிப்பெண் போடலாம்.

கிராம முகாம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பத்து மணிக்குக் கூட்டம் போட்டால் ஊரில் பாதிப் பேர் காலை ஏழுக்கே வேலைக்குப் போயிருப்பார்கள். மாலை ஆறரைக்கு மேல்தான் ஆள் சேரும். சமூக வரைபடத்தைத் தரையில் கோலப்பொடியால் ஊர் மக்களே வரைய வேண்டும். மாணவர் சார்ட் தாளில் வரைந்து சுவரில் ஒட்டினால் ‘எங்கள் தெருவை விட்டுவிட்டீர்களே’ என்று திருத்த யாரும் வரமாட்டார்கள். பெரும்பாலும் விட்டுப்போவது காலனி. கோயில் திடலில் ஆண்களை மட்டும் வைத்து வரைந்தால் குடிநீர்க் குழாய் எங்கே முடிகிறது, சுடுகாட்டுப் பாதை எங்கே மறிக்கப்படுகிறது என்பது அந்தப் படத்தில் வராது. ஊரில் ஒன்று, காலனியில் ஒன்று, பெண்களோடு தனியாக ஒன்று என மூன்று படம் போட்டு அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்கிறோம். வேறுபடும் இடம்தான் அந்த ஊரின் பிரச்சினை. முகாம் தேதியை ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற கிராம சபை நாளை ஒட்டி வைத்தால், கண்டதை அங்கேயே தீர்மானமாக முன்வைக்க மக்களுக்கு வழி கிடைக்கும்.

இனி மாணவர்களைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடும் இரண்டு விஷயங்கள். குழந்தைகள் இல்லத்தில் களப்பணிக்குப் போகும் மாணவர் அங்கிருக்கும் குழந்தையோடு செல்ஃபி எடுத்து அறிக்கையில் ஒட்டுகிறார், ஸ்டேட்டஸிலும் போடுகிறார். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. இரண்டாவது, ஒரு குழந்தை பாலியல் துன்புறுத்தலைச் சொல்லி ‘யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா’ என்று கேட்கும்போது, ரகசியம் காப்பது தொழில் நெறி என்று மாணவி வாயை மூடிக்கொள்வது. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி அறிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை கிடைக்கலாம். குழந்தையைத் துருவித் துருவிக் கேட்காமல், அது சொன்னதை அதன் சொற்களிலேயே எழுதி, அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லி, காவல் நிலையத்துக்கும் குழந்தைகள் உதவி எண் 1098க்கும் தகவல் கொடுக்க வேண்டும். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று குழந்தையிடம் முதலிலேயே வாக்குக் கொடுக்கவும் கூடாது. இந்தப் பயிற்சியை முதல் ஏஜென்சிக்கு அனுப்புவதற்கு முன்பே தர வேண்டும். பல இடங்களில் மூன்றாம் ஆண்டுப் பாடமாகத்தான் வருகிறது.

எனவே, சேர்க்கைக்கு வரும் பெற்றோரும் மாணவரும் துறைத் தலைவரிடம் தயங்காமல் கேளுங்கள்: களப்பணிக்கு வாரத்தில் எத்தனை நாள்? ஒரு மேற்பார்வையாளருக்கு எத்தனை மாணவர்? பத்துக்கு மேல் போனால் வாராந்திரத் தனிக் கலந்துரையாடல் நடக்காது. ஏஜென்சியில் மாணவரைக் கவனிக்க சமூகப்பணி படித்த ஒருவர் இருக்கிறாரா, அல்லது கோப்பு அடுக்கவும் டேட்டா என்ட்ரிக்கும் உட்கார வைத்துவிடுவார்களா? பேருந்துச் செலவும் முகாம் கட்டணமும் ஆண்டுக்கு எவ்வளவு ஆகும்? சென்ற ஆண்டு மாணவர் ஒருவரின் அறிக்கை நோட்டைப் பெயர்களை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். மேற்பார்வையாளர் சிவப்பு மையில் எழுதிய கேள்விகள் அதில் எத்தனை பக்கத்தில் இருக்கின்றன என்று பார்த்துவிட்டுக் கட்டணம் கட்டுங்கள்.

இப்படிக்கு,
சமூகப்பணித் துறை ஆசிரியர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி.